சிறுவாடும் சந்தை அபாயமும்

அம்மாவின் சிறுவாடு அரிசி டின்னுக்குள் இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். அம்மா அடுக்களையில் நின்றபடி கேட்டார். டின்னுக்குள் இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்தது, மாமா தீபாவளிக்குக் கொடுத்தது, பக்கத்துத் தெருவில் கட்டிய சீட்டில் கிடைத்த கழிவு எல்லாம் சேர்ந்து 11,500 ரூபாய். ஆறு வருடச் சேமிப்பு.

மறுநாள் காலையில் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "எனக்குத் தெரியாம இவ்வளவு சேத்துட்டியா, கெட்டிக்காரிதான்" என்றார். வங்கியில் ஒருவருக்கு 4,000 ரூபாய்தான் மாற்றித் தருவார்கள், மீதியைக் கணக்கில் போட வேண்டும் என்ற நிலை. அம்மாவுக்கு கேஸ் மானியத்துக்காகத் திறந்த கணக்கு ஒன்று இருந்தது; அதன் பாஸ்புக் எங்கே என்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர் அப்பா. பணம் அவர் கணக்குக்குப் போனது. அந்த வருடம் அவர் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டினார், ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதினார். யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனால் அம்மாவின் பணம் என்று ஒன்று அதன்பின் எங்கள் வீட்டில் இல்லை.

இரண்டு வருடம் கழித்து நான் மாதம் 500 ரூபாய்க்கு ஒரு எஸ்.ஐ.பி. தொடங்கினேன். தனியார் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் நான். எதைச் செய்வதென்றாலும் முதலில் அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பது என் பழக்கம். அப்படித்தான் பெண்களை முதலீட்டுக்கு அழைக்கும் விளம்பரங்கள், பத்திரிகைகளின் ஆலோசனைப் பக்கங்கள், செயலிகள் கேட்கும் கேள்விகள், கையெழுத்துப் போடச் சொல்லும் படிவங்கள் எல்லாவற்றையும் ஒரு பாடநூலைப் படிப்பதுபோல் படித்தேன். சினிமாவை, நெடுந்தொடரை, பள்ளிப் புத்தகத்தை நாம் பெண்ணியக் கண்ணோடு படித்துப் பழகிவிட்டோம். பணத்தைப் பற்றி நமக்கு எழுதப்படும் பிரதிகளை அவ்வளவாகப் படித்ததில்லை. அவை ஏதோ கணக்கு விஷயம், ஆணும் பெண்ணும் அங்கே ஒன்றுதான் என்று விட்டுவிட்டோம். அப்படி இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விளம்பரங்கள். 2017இல் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம் 'சஹி ஹை' என்று தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு இந்தச் சொற்கள் நம் வீட்டுக் கூடம்வரை வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் பெண்ணை நோக்கிப் பேசும் விளம்பர வாக்கியங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் இலக்கண ஒற்றுமை தெரியும். எல்லாம் நான்காம் வேற்றுமையில் முடிகின்றன. மகளின் கல்யாணத்துக்கு. மகனின் படிப்புக்கு. கணவரின் ஓய்வுக்காலத்துக்கு. குடும்பத்துக்கு. அந்தக் 'கு' எத்தனையோ பெயர்ச்சொற்களோடு சேர்கிறது. 'எனக்கு' என்ற சொல்லாக மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. செயலிகளில் 'இலக்கு' தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வீடு, கார், குழந்தையின் கல்வி, குழந்தையின் திருமணம், சுற்றுலா என்று படம் போட்டுக் கேட்பார்கள். தனியாக வீடு பிடிக்க அட்வான்ஸ், வக்கீல் செலவு, வேலையை விட்டால் ஆறு மாதச் சாப்பாடு என்ற இலக்குகளை நான் ஒரு செயலியிலும் பார்த்ததில்லை. நான் அறிந்த பெண்களின் சிறுவாடு பெரும்பாலும் இந்த மூன்றுக்காகத்தான் இருந்தது.

இதைத் தனியார் விளம்பரங்களின் குற்றம் என்று மட்டும் சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தைத் தமிழில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்கிறோம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் கணக்கு. வட்டி நன்றாகவே தருகிறார்கள். பதினெட்டு வயதில் அவளே கணக்கைக் கையாளலாம். குறை சொல்ல மனம் வராத திட்டம். ஆனால் அதன் விதிகளைப் படியுங்கள். முதிர்வுக்கு முன்பே மேற்படிப்புக்காகப் பணம் எடுக்க வேண்டுமென்றால் இருப்பில் பாதிவரைதான் எடுக்கலாம். பதினெட்டு முடிந்து கல்யாணம் என்றால் கணக்கையே முடித்து முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம். படிப்புக்குப் பாதி, கல்யாணத்துக்கு முழுசு. இந்த விதியை எழுதியவர்கள் பெண்களுக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். பெண்ணின் பணம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று அவர்கள் தங்களை அறியாமல் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது பிரதி, 'உங்கள் ரிஸ்க் எவ்வளவு?' என்று கேட்கும் வினாத்தாள். ஃபண்டில் சேரும்போது இப்படி ஒன்றை நீட்டுவார்கள். சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்? எல்லாவற்றையும் விற்பீர்களா, பொறுத்திருப்பீர்களா, இன்னும் வாங்குவீர்களா? உங்கள் வயது என்ன, எத்தனை வருடம் காத்திருப்பீர்கள்? பதில்களைக் கூட்டி, நீங்கள் பயந்தவரா துணிந்தவரா என்று சொல்லிவிடுவார்கள்.

ஆலோசனைப் பக்கங்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் உண்டு: பெண்கள் ரிஸ்க் எடுக்கத் தயங்குவார்கள், தங்கத்திலும் சீட்டிலும் பணத்தைத் தூங்கவிடுவார்கள். இது புத்திமதியாகத் தெரிந்தாலும் அடியில் ஒரு நையாண்டி இருக்கிறது. அமெரிக்காவில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றிருக்கிறார்கள். அப்படி வாங்கி விற்றதாலேயே இரு சாராரும் நஷ்டப்பட்டார்கள். ஆண்கள் கூடுதலாக நஷ்டப்பட்டார்கள். இங்கே செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். துணிச்சல் என்று புகழப்படுவது பல நேரங்களில் இதுதான்.

அதற்காக, பெண்கள் இயல்பிலேயே நிதானமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இயல்பு என்ற சொல்லை யார் நம்மைப் பற்றிச் சொன்னாலும், பாராட்டாகச் சொன்னாலும், நான் சற்றுத் தள்ளி நின்றே கேட்பேன். ஒரு தடவை போனால் திரும்பச் சேர்க்க ஆறு வருடம் ஆகும் பணத்தை யாராக இருந்தாலும் நிதானமாகத்தான் கையாள்வார்கள். அது சம்பளத்தின் விளைவு.

சிறுவாட்டைத் தூங்கும் பணம் என்பதும் சரியில்லை. அந்தப் பணத்துக்கு மூன்று தன்மைகள் வேண்டும் என்று அம்மாவின் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. கேட்டவுடன் கைக்கு வரவேண்டும். அடுத்தவர் அனுமதி தேவைப்படக் கூடாது. இருப்பது வெளியே தெரியக் கூடாது. வட்டி இதற்கெல்லாம் பிறகுதான். தங்கம் முதல் தன்மையை நிறைவேற்றும். அடகுக் கடையில் ஒரு மணி நேரத்தில் பணமாகும். ஆனால் கழுத்தில் கிடப்பது எல்லார் கண்ணிலும் படும். தொழில் நொடித்தாலும் நாத்தனாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் கழற்றச் சொல்வது அதைத்தான்.

இந்த மூன்று தன்மைகளை வைத்துச் சந்தையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உடைமையில் சிறு துண்டு. நிறுவனம் வளர்ந்தால் வளரும். ஆனால் நமக்குப் பணம் தேவைப்படும் நாளில் என்ன விலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. ஏப்ரலில் பள்ளியில் எனக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. பங்கு ஃபண்டில் இருந்த என் பணத்தை அப்போது எடுத்திருந்தால் போட்டதில் ஒரு பகுதி போயிருக்கும். எடுக்காமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல, அதற்கு முந்தைய வருடம் தனியாக ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டு வைத்திருந்த 18,000 ரூபாய்.

லிக்விட் ஃபண்ட் என்பது 91 நாள்களுக்குள் முதிர்வடையும் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் திட்டம். அரசின் கருவூலப் பத்திரங்கள், வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் சில வாரங்களுக்கு வாங்கும் கடன்கள் இவற்றில் இருக்கும். மணி மார்க்கெட் ஃபண்ட் என்றால் ஒரு வருடம்வரை முதிர்வுள்ளவை. லிக்விட் ஃபண்டில் நேரத்தோடு கேட்டால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் பணம் கணக்குக்கு வந்துவிடும். போட்ட முதல் ஏழு நாள்களுக்குள் எடுத்தால் மட்டும் மிகச் சிறிய பிடித்தம் உண்டு. இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் கடனைத் திருப்பித் தரத் தவறியபோது அதன் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் மதிப்பு இறங்கியது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. ஆனாலும் சந்தையில் இருப்பவற்றில் அரிசி டின்னுக்கு நெருங்கிய உறவு இதுதான். பெண்களுக்கான ஆலோசனைப் பக்கங்கள் பங்கு ஃபண்டையும் இருபது வருடக் கூட்டுவட்டியையும் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. கோடீஸ்வரியாவது எப்படி என்று தலைப்பு வைக்கலாம். அடுத்த வாரம் கையில் காசு இருப்பது எப்படி என்று வைத்தால் எடுப்பாக இருக்காது போலும்.

சந்தையின் ரிஸ்க்கைப் பற்றி வினாத்தாள் நிறையக் கேட்டது. ஆனால் அம்மா 11,500 ரூபாயை இழந்தது சந்தையில் அல்ல. அவருடைய ரிஸ்க் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்தது. உங்கள் பணத்தைப் பற்றி உங்களுக்கு முன்னால் வேறு யாருக்குத் தெரியும்? எடுத்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? உங்கள் ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது? இந்தக் கேள்விகள் எந்த வினாத்தாளிலும் இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களின் முடிவில் மூச்சுவிடாமல் ஒருவர் சந்தை அபாயம் பற்றி எச்சரிப்பார். வீட்டு அபாயம் பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்க யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றாவது பிரதி படிவம். கே.ஒய்.சி. படிவத்தில் தந்தை பெயர் அல்லது கணவர் பெயர் கேட்பார்கள். தொழில் என்ற இடத்தில் விவசாயி, மாணவர், ஓய்வுபெற்றவர் என்பவற்றோடு 'இல்லத்தரசி' என்றும் ஒரு கட்டம் உண்டு. அரசியின் வருமானம் எவ்வளவு என்று அடுத்த கட்டத்தில் கேட்கும்போது பெண்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படிவத்தில் மிக முக்கியமான இடம் நாம் கவனிக்காமல் நிரப்பும் இடம்: கைபேசி எண்.

என் படிவத்தை நிரப்பிக் கொடுத்த முகவர் நல்ல பையன். "சார் நம்பரே போட்டுடலாம் மேடம், உங்களுக்கு அலைச்சல் இருக்காது" என்றார். நானும் சரி என்றேன். சம்பாதிக்கிறவள், கட்டுரை எழுதுகிறவள், கூட்டங்களில் பேசுகிறவள், சரி என்றேன். அடுத்த மூன்று வருடம் என் பணத்தின் ஒவ்வொரு அசைவும் என் கணவரின் கைபேசிக்கு முதலில் போனது. பணம் எடுக்க வேண்டுமென்றால் ஓ.டி.பி. அவருக்கு வரும், "என்ன நம்பர் வந்திருக்கு, சொல்லுங்க" என்று அவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை என் தங்கைக்காக 4,000 ரூபாய் எடுத்தேன். அவள் காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டு, "எதுக்குப்பா இப்ப?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனபோதுதான் அம்மா அந்த நவம்பர் காலையில் எப்படி நின்றிருப்பார் என்று எனக்குப் புரிந்தது. என் கணவர் நல்லவர் என்பதால்தான் இதை எழுத முடிகிறது. மோசமான ஆணிடம் மாட்டிய பணத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நல்லவரிடமும் அனுமதி கேட்டே எடுக்க வேண்டிய பணம் யாருடைய பணம் என்பதுதான் என் கேள்வி. கைபேசி எண்ணை மாற்ற இரண்டு தடவை அலைந்தேன். அந்த அலைச்சலை முதல் நாளே பட்டிருக்கலாம்.

படிவத்தின் கடைசியில் நாமினி. பெயரைப் போட்டுவிட்டால் நமக்குப் பின் பணம் அவருக்குப் போய்விடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பங்குகளில் நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்பவர்தான், உரிமை வாரிசுச் சட்டப்படிதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வாரிசுச் சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆவது பிரிவு. உயில் எழுதாமல் இறந்த பெண் தானே சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவளுடைய தாயும் தந்தையும் அதற்குப் பிறகுதான்.

இதன் பொருள் என்ன என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கு காட்டுகிறது. 1955இல் மணமான ஒரு பெண். மூன்றே மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் அவரைத் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், நாற்பது வருடம் தன் காலில் நின்றார். 1996இல் உயில் எழுதாமல் இறந்தபோது வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பெரும் தொகை இருந்தது. அது அவரை ஆளாக்கிய பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. துரத்திவிட்ட வீட்டின் வாரிசுகளுக்குப் போனது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பைப் படித்த வாரம் நான் உயில் எழுதினேன். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. நாம் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் போதும். முதலீட்டு ஆலோசனைப் பக்கம் எதிலாவது முதல் பத்தியில் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு தோழி என்னைக் கேட்டாள்: "கம்பெனி லாபத்துல பங்கு வாங்கறதுதான் பெண்ணியமா?" இந்தக் கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலில் பெண்ணுக்குத் தனி அறையும் வருடம் 500 பவுண்டும் வேண்டும் என்கிறார். அறையை நாம் எத்தனையோ கட்டுரைகளில் மேற்கோள் காட்டிவிட்டோம். அந்த 500 பவுண்டு எங்கிருந்து வந்தது என்று அதே நூலில் இருக்கிறது. கதைசொல்லியின் அத்தை விட்டுச் சென்ற பணம் அது. அந்த அத்தை இறந்தது பம்பாயில், குதிரையிலிருந்து விழுந்து. ஆளப்பட்ட ஊரில் உலவிய ஓர் அத்தையின் பணத்தில் லண்டனில் ஒரு பெண் சுதந்திரமாக எழுதுகிறாள். என் ஃபண்டின் லாபத்திலும் அப்படி யாரோ இருக்கிறார்கள். மணிக்கணக்கில் நின்று தைப்பவள், ஒப்பந்தத்தில் தரை துடைப்பவள். அவள் சம்பளம் குறைந்தால் என் யூனிட்டின் மதிப்பு ஏறலாம். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. என் பணம் வங்கியில் கிடந்தாலும் அது யாருக்கோ கடனாகத்தான் போகிறது என்பது தெரியும்; அது பதில் ஆகாது என்பதும் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். முதலீடு சம்பளத்துக்கு மாற்று இல்லை. 2025 பிப்ரவரியில் மாதம் 250 ரூபாய்க்கும் எஸ்.ஐ.பி. வந்துவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. அதில் 250ஐச் சந்தையில் போடுங்கள் என்று சொல்ல நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். குழுக் கடனுக்கு 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கூட்டுவட்டியின் மகிமையைப் பேசுவது அநியாயம். முதலில் அந்தக் கடன் அடையட்டும். எந்த முதலீடும் உறுதியாகத் தராத லாபம் அது. நியாயமான கூலி பற்றிப் பேசாமல் சேமிப்பைப் பற்றி மட்டும் பேசும் எந்த ஆலோசனையும் பாதி ஆலோசனைதான்.

போன வருடம் அம்மாவை அழைத்துப்போய்ப் பழைய கணக்கை உயிர்ப்பித்தோம். அவருடைய பட்டன் ஃபோன் எண்ணையே கொடுத்தோம். குறுஞ்செய்தியில் வரும் நம்பரை அவரே கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னார். லிக்விட் ஃபண்டில் சேர வினாத்தாளை நீட்டினார்கள். சந்தை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவராக இரண்டு கேள்விகள் கேட்டார்.

"நான் கேட்டா எப்ப வரும்?"

"நாளைக்கு வந்துரும்மா. லீவு நாள்னா ஒருநாள் தள்ளும்."

"உங்கப்பாட்ட கேக்கணுமா?"

"வேண்டாம்மா."

3,000 ரூபாய் போட்டார். கையில் இன்னும் 1,500 இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பாலிதீன் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் ஃபண்டில் போடலாமே என்று சொல்லவில்லை.